எட்டாவது டிராக்கில் ஐந்து குரல்

பாட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே சகுந்தலா கையிலிருந்த சொம்பைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். ஆடி மூன்றாம் ஞாயிறு, கருங்குழி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். தூக்குவாளியும் குண்டானுமாக வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கோயில் வாசலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்து, அதில் பன்னீர்செல்வத்தின் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் சொன்ன பாராட்டுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி போவதைப் பார்த்தார். வெயில் தாங்கவில்லை போல, ஆபரேஷன் ஆன உடம்பு, போய்ப் படுக்கட்டும் என்று நினைத்தார்.

சொம்பை வாங்கிய தெய்வநாயகிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வந்து சொன்னாள்.

"நான் ஒண்ணும் தப்பா கேக்கல அண்ணாத்த. நீ பாடலியாக்கா, அண்ணன் மட்டும்தான் பாடிகீதானு கேட்டேன். அவ்ளோதான். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்ச்சி."

பன்னீர்செல்வத்துக்குச் சுர்ரென்று ஏறியது. வந்தாளா, கூழை ஊற்றினாளா, போனாளா என்று இருக்க வேண்டியதுதானே, பாட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டு அனுப்பினார். அனுப்பிவிட்டு பாக்ஸுக்கு நேராகப் போய் நின்றார். அதுவரை அவர் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டைக் கேட்கிற ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்டார். அவர் குரல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடவை அவர் குரல் இருந்தது. அடியில் முட்டுக்கொடுத்த மாதிரி மூன்றாவது தடவையும் அவர் குரலே இருந்தது. பம்பை அடித்தது. ஆர்மோனியம் இழுத்தது. சகுந்தலா எங்கேயோ சாத்தின கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரையோ கூப்பிடுவதுபோல, ஒரு வார்த்தை வந்தாள், நாலு வார்த்தை காணாமல் போனாள். பாட்டு முடிந்ததும் விழாக்குழு ஆள் மைக்கைப் பிடித்து, மைக் செட் பன்னீர் அண்ணன் கட்டிப் பாடிய பாட்டு என்று ஊருக்கே சொன்னான். கட்டினது அவர் இல்லை என்பதைப் பன்னீர்செல்வம் பக்கத்தில் போய்ச் சொல்லவில்லை.

அந்தப் பாட்டு சகுந்தலா கட்டியது. இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்தவள். சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டே வாய்க்குள் கட்டிய பாட்டு. மற்றவர்கள் எல்லாம் மாரியம்மனிடம் மழை கேட்பார்கள், பிள்ளை கேட்பார்கள். இவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மனைப் பார்த்து உட்காரச் சொன்னாள்.

நின்ன காலு நோகலியா
    நெடுநேரம் ஆச்சுதடி
செத்த குந்து மாரியம்மா
    நான் பாத்துக்கறேன் ஊரை

இந்தக் கடைசி வரியில் அவள் குரல் மேலே போய் ஒரு இடத்தில் நிற்கும். இழுக்காது, ஆடாது, சும்மா நிற்கும். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் தட்டில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்குமாம். கோயிலில் மைக் இல்லாமலே பாடுவாள். மைக் செட்காரன் பெண்டாட்டிக்கு மைக் கிடையாதா என்று கிண்டல் பண்ணுவார்கள்.

பங்குனியில் அவள் கழுத்துக் கட்டி பெரிதாகி முழுங்க முடியாமல் போனதும் செங்கல்பட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அந்த டாக்டரம்மா படம் வரைந்தே காட்டியது. கட்டிக்குப் பக்கத்திலேயே குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது, எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும் சில பேருக்குக் குரல் கம்மிவிடும், ஆறு மாசத்தில் வரலாம், வராமலும் போகலாம், உச்சத்தில் பாட முடியாமல் ஆகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியது. பன்னீர்செல்வம் அதையும் நம்பவில்லை. முதலிலேயே சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள் என்றார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தின் மேல் சகுந்தலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டாள். அவள் தனக்கென்று ஏதாவது கேட்பது அபூர்வம். உன் பொட்டியில என் பாட்ட ஒருக்கா புடிச்சி வெச்சிர்யா என்றாள்.

பெட்டி என்றது அவர் வைத்திருந்த எட்டு டிராக் ரெக்கார்டிங் மெஷினை. எட்டு மைக்கின் சத்தத்தைத் தனித்தனியாகப் பிடித்துத் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் கிட்டார் வாசிக்கிற ஜெரோம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது இதை அவருக்குத் தந்தான். மெஷினில் எழுதியிருப்பது எல்லாம் இங்கிலீஷ். பன்னீர்செல்வம் நாலாவதோடு நின்றவர், இருந்த இடத்தை வைத்துத்தான் பட்டனை அறிவார். எந்தக் குமிழ் யாருடையது என்று தெரிவதற்கு அடையாளம் வைத்திருந்தார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் கீழே சகுந்தலாவின் ஸ்டிக்கர் பொட்டு. மூன்று, நான்கு, ஐந்துக்குக் கீழே ஒயர் சுற்றுகிற சிவப்பு டேப். அது அவர்.

சித்திரை வெயிலில் பின்னறை ஜன்னலுக்கு ஜமக்காளம் அடித்து, ஃபேனை நிறுத்தி, ஜிஎஸ்டி ரோட்டில் லாரி ஓய்கிற நேரம் பார்த்துப் பார்த்து ஐந்து நாள் பிடித்தார்கள். அவள் ஒரு தடவை முழுசாகப் பாடினாள். பிறகு தன் குரலையே காதில் கேட்டுக்கொண்டு இரண்டாவது தடவை, எதிர்ப்பாட்டு மாதிரி பாடினாள். முதல் பாட்டு கேட்கிறவள் மாதிரி இருந்தது, இரண்டாவது பதில் சொல்கிறவள் மாதிரி. கடைசி வரியில் இரண்டு சகுந்தலாவும் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். அவருக்கே மயிர் சிலிர்த்தது. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னாள். வெறும் பொம்பளைக் குரலாக இருக்கிறது, கொஞ்சம் கனம் வேண்டும் என்று அவர் பின்பாட்டு பாடினார். ஒரு தடவை பாடியதில் கனம் போதவில்லை. மூன்று தடவை பாடினார். மதுராந்தகத்திலிருந்து உப்பிலி ஐயர் வந்து ஆர்மோனியம் வாசித்தது ஆறு. தாளம் ஏழு. எட்டு காலி.

மருமகன் கலைவாணன் அப்போதே சொன்னான். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவன், மரியாதை தெரிந்தவன். மெஷினில் பாட்டு பதிந்திருக்கிற கார்டைக் கொடுங்கள் மாமா, கம்ப்யூட்டரில் ஒரு காப்பி போட்டு வைத்துவிடுகிறேன், அத்தைக்கு ஆபரேஷன் வேறு இருக்கிறது என்றான். பன்னீர்செல்வம் கொடுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கேசட் கடைக்காரன் இப்படித்தான் ஒரு நாள் கொடு, கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று அவர் பிடித்த திருவிழாப் பாட்டை வாங்கிக்கொண்டு போய், தன் போட்டோவைப் போட்டு கேசட் விட்டான். அன்றிலிருந்து அவர் எந்தப் பாட்டையும் எவன் கையிலும் கொடுத்ததில்லை. "எங்க வூட்டு கொரலு எங்க வூட்லயே கெடக்கட்டும் மாப்ள" என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன காலையில் சகுந்தலாவிடமும் சொன்னார், பயப்படாதே, உன் குரல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று. அவள் அதை நம்பித்தான் ஸ்ட்ரெச்சரில் படுத்தாள்.

டாக்டரம்மா சொன்னது நடந்தது. கட்டி போயிற்று, குரலும் போயிற்று. பேசினால் பாதி காற்று, பாதி சொல். பால்காரரை மாடியிலிருந்து கூப்பிட முடியாமல் கை தட்டினாள்.

ஆனி மாசம், அவள் உள்ளே படுத்திருந்த ஒரு நாள், படாளத்திலிருந்து பம்பைக்காரர் வந்தார். பதினைந்து நாளாகக் கூப்பிட்டு அன்றைக்குத்தான் வந்தார், ஒரு மணி நேரத்தில் மேல்மருவத்தூர் போக வேண்டும் என்று செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. பம்பைக்கு ஒரு மைக், சிலம்புக்கு ஒரு மைக், இரண்டு டிராக் வேண்டும். இருப்பது ஒன்று. கார்டிலும் இடம் இல்லை என்று மெஷின் காட்டியது. அதற்கு வழி உண்டு, ஜெரோம் காட்டிக் கொடுத்திருந்தான். ஐந்து குரலையும் ஒன்றாகச் சேர்த்து எட்டாவது டிராக்கில் இறக்கிவிட்டு, பழைய ஐந்தையும் அழித்தால் ஐந்து டிராக் காலியாகும். சேர்ப்பதற்கு முன் எது எவ்வளவு என்று ஏற்றி இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், சேர்த்த பிறகு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது என்றும் சொல்லியிருந்தான். பம்பைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னீர்செல்வம் சிவப்பு டேப்பை ஏற்றினார், பொட்டை இறக்கினார், சேர்த்தார். அழிக்கட்டுமா என்று மெஷின் இங்கிலீஷில் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்று அமுக்கினார். அதுதான் உள்ளே இருக்கிறதே என்று நினைத்தார். மொத்தம் பத்து நிமிஷம்.

கூழ் ஊற்றின அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது சகுந்தலா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. அவர் முந்திக்கொண்டார். பாக்ஸ் சரியில்லை, அந்தப் பயல்களுக்கு பாக்ஸ் வைக்கத் தெரியாது, பாஸ் சத்தத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்கள், நம் குழாய் ஸ்பீக்கராக இருந்தால் கணீரென்று கேட்டிருக்கும் என்று வரிசையாகச் சொன்னார். அவள் கேட்டு முடித்தாள்.

"பாக்ஸ வுடு. என்னுது தனியா இருந்திச்சே. அதப் போடு, கேக்கறேன்."

அவர் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார்டு சூடாகியிருக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்றார். கார்டு சூடாகும் என்று அவருக்கே யாரும் சொன்னதில்லை. மறுநாள் கேட்டாள், ஒயர் சரியில்லை என்றார். மூன்றாம் நாள் அவளே பின்னறைக்குப் போய் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பொட்டு ஒட்டியிருந்த குமிழை மேலே தள்ளினாள். அவர் ஓட்டிக் காட்டினார். முதல் டிராக்கில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. குமிழை உச்சிவரைக்கும் தள்ளினாள், ஸ்ஸென்று வெறும் இரைச்சல்கூட வரவில்லை, அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தது மெஷின். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பம்பைக்கு இடம் வேண்டியிருந்தது என்று அவர் சொன்னார். சொன்னதும் அது காதில் எப்படி விழுந்தது என்று அவருக்கே தெரிந்தது, தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது. கத்தினார். ஒரு பாட்டுக்காக இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதா, ஐந்து நாள் ஃபேன் இல்லாமல் வெந்தவன் யார், ஊரே பாராட்டுகிறது என்று கத்தினார். திரும்பிக் கத்த அவளுக்குக் குரல் இல்லை. எழுந்து போய்விட்டாள்.

எவன் மேலாவது போட்டாக வேண்டும். ஜெரோம் கிடைத்தான். செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனார். அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டான், பழைய மெஷினைத் தலையில் கட்டிவிட்டான், கிட்டார் வாசிக்கிறவனை எல்லாம் நம்பினது தன் புத்தி. லைட்ஹவுஸுக்குப் பின்னால் சந்தில் ஜெரோமின் வீடு. சிற்பக்கூடத்திலிருந்து கல் தூசி பறந்து வந்து கதவு ஜன்னல் எல்லாம் படிந்திருந்தது. ஜெரோம் லுங்கியோடு உட்கார்ந்து காதில் ஹெட்போன் வைத்து எட்டாவது டிராக்கைக் கேட்டான். பாதியில் ஹெட்போனைக் கழற்றினான்.

"இன்னா அண்ணாத்த, நீ ஒருத்தனே மூணு ஆளா?"

கனத்துக்காக என்றார்.

"கனமா? அக்கா மேல லாரி ஏத்திகீற. இவ்ளோ கீழ எதுக்கு எறக்கின?"

எதற்கு இறக்கினார் என்று அதுவரை அவர் யோசிக்கவே இல்லை. நாற்பத்தைந்து வருஷம் குழாய் ஸ்பீக்கர் கட்டினவர். தென்னை மரத்தில், பனை மரத்தில், டீக்கடைக் கூரையில் கட்டினவர். ஆம்பளைக் குரல் எவ்வளவு ஏற்றினாலும் குழாய் தாங்கும். பொம்பளைக் குரல் குழாயில் போனால் கீச்சென்று காதைக் கிழிக்கும், தெருவில் படுத்திருக்கிறவன் எழுந்து வந்து சண்டை போடுவான். அதனால் கல்யாணத்தில், காதுகுத்தில், கட்சிக் கூட்டத்தில், பெண்பிள்ளை யார் மைக்கைப் பிடித்தாலும் அவர் கை தானாகக் கொஞ்சம் இறக்கும். அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இறக்கிவிடும். பத்து நிமிஷ அவசரத்தில் காது கேட்டு வைக்கவில்லை, கைதான் வைத்தது. இதை ஜெரோமிடம் சொன்னார். சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது.

ஜெரோம் சிரிக்கவில்லை. குழாயைப் போலீஸ் தடை பண்ணி எத்தனை வருஷம் ஆகிறது அண்ணாத்த, உன் கைக்கு யாரும் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டான். ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் சேர்க்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னதை ஞாபகப்படுத்தினான். கார்டில் அழித்த இடத்தின் மேல் பம்பை, சிலம்பு எல்லாம் பதிந்தாகிவிட்டது, அழித்ததை இனி மீட்க முடியாது என்றான். டீ போடச் சொன்னான். பன்னீர்செல்வம் டீ குடிக்காமல் எழுந்தார். உன் மெஷினும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டு போனவர், மெஷினை அங்கே வைக்காமல் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இனி இருந்தது மருமகன் ஒருவன். கல்பாக்கத்துக்கு போன் போட்டார். விஷயத்தைச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். கலைவாணன் தனியாக வந்தான். பன்னீர்செல்வம் பெட்டியைத் திறந்து, நகத்தால் கார்டை நெம்பி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. மருமகன் முகத்தில் அன்றைக்கே சொன்னேனே என்கிற ஒரு சுருக்கம் வருகிறதா என்று உற்றுப் பார்த்தார். வந்திருந்தால் ஒரு சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும். அது வரவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தான். கலந்த குரலைப் பிரிக்கிற வசதி இப்போது வந்திருக்கிறது, பாட்டு வேறு வாத்தியம் வேறு என்று நன்றாகவே பிரிக்கும், ஆனால் குரலும் குரலும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொன்னால் கஷ்டம், முயற்சி பண்ணுகிறேன் என்றான். சகுந்தலாவைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

மூன்று தடவை பண்ணினான். மூன்றாவது தடவை ஒரு பெண் குரல் வந்தது. நின்ன காலு நோகலியா என்று தகர டப்பாவுக்குள்ளிருந்து கேட்டது. சில சொல்லுக்கு முதல் எழுத்து இல்லை, சில சொல்லுக்கு வால் இல்லை. நடுவில் பன்னீர்செல்வத்தின் குரல் ஈரத்துணியிலிருந்து சொட்டுகிற மாதிரி சொட்டியது. கடைசி வரியில் குரல் மேலே போனது. போய், நிற்க வேண்டிய இடத்தில் நடுங்கியது, யாரோ பழக்கமில்லாத ஒருத்தி எட்டிப் பிடிக்கப் பார்ப்பதுபோல. பன்னீர்செல்வம் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். எப்படியோ வந்துவிட்டது பார் என்று சொல்ல வாயெடுத்தார்.

"இது நான் இல்ல" என்றாள் சகுந்தலா.

கலைவாணன் கண்ணாடியைக் கழற்றினான். "ஆமாங்க அத்த. கேக்காத எடத்துல எல்லாம் அதுவா ஒண்ணு போட்டு ரொப்புது. உங்க கொரல் மாதிரி அதுக்குத் தோணுறத."

அவள் சாப்பாடு போட்டு மருமகனை அனுப்பினாள். போகும்போது அவன், குரல் திரும்பி வரும் அத்தை, ஆறு மாசம் ஆகட்டும் என்றான். அவள் தலையாட்டினாள். அவனிடம் அவளுக்குக் கோபம் இல்லை.

அதற்கப்புறம் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்ததென்றால் அது பன்னீர்செல்வத்தின் சத்தம்தான். கரண்டுக்காரனைத் திட்டினார், தண்ணீர் வராததைத் திட்டினார், பூனையைத் திட்டினார். அவள் சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ஒரு சொல் வைக்கவில்லை. குரல் இல்லாததால் பேசாமலிருக்கிறாளா, பேச இஷ்டமில்லாமல் பேசாமலிருக்கிறாளா என்று பிரித்தறிய முடியாதது அவரைத் தின்றது. கோயிலில் மறுபடியும் பாட்டைப் போட ஆள் அனுப்பினார்கள். கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

ஆவணியில் ஒரு பிற்பகல், பின்னறையில் ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார். மெஷினைக் கட்டி பரண்மேல் போடுவதென்று முடிவு. வேகமாகப் பிடுங்கியதில் மைக் ஸ்டாண்டு சாய்ந்து அவர் முழங்காலில் இடித்தது, அதையும் திட்டினார். நிமிர்ந்தபோது சகுந்தலா நின்றிருந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இதுல எடம் கீதா?"

பதினெட்டு நாளைக்குப் பிறகு வந்த சொல். காற்றும் கரகரப்புமாக வந்தது. அவருக்கு உடனே விளங்கவில்லை, பிறகு விளங்கியது.

"கீது. மூணு டிராக்கு காலி" என்றார். சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை.

"போடு."

பாடப்போகிறாள் என்று நினைத்தார். டாக்டரம்மா இப்போதைக்கு இழுத்துப் பாடக் கூடாது என்றதைச் சொல்ல நினைத்தவர், ஒயரைத் திரும்பச் செருகினார். மைக்கை நிமிர்த்தி அவள் வாய் உயரத்துக்கு வைத்தார். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

"என் பேரு சகுந்தலா" என்றாள் மைக்கிடம். "இந்தப் பாட்ட கட்னது நானு. பாடனது நானு."

மெஷினில் சத்தத்தைக் காட்டுகிற பச்சைக் கோடு ஒன்றுகூடத் துள்ளவில்லை. அவ்வளவு சன்னம். பன்னீர்செல்வம் குமிழை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். உச்சிக்குப் போயிற்று. அவள் மூச்சு கேட்டது, ஃபேன் கேட்டது, ரோட்டில் லாரி போனது கேட்டது. எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் காத்திருந்து தொடர்ந்தாள்.

"சத்துணவு கூடத்துல நான் பாடுனா புள்ளைங்க கேக்கும். கோயில்ல பாடுனா சனம் கேக்கும். இந்த வூட்டுல நான் பேசுனா நீ ரேடியோவ தூக்கி வெப்ப. நம்ம மவ ரோகிணிய பொண்ணு பாக்க வந்தாங்க, நான் ஒரு வார்த்த கேட்டேன், நீ சொம்புல தண்ணி கொண்டாடின்னு சொன்ன. ஆஸ்பத்திரில டாக்டரம்மா என்னப் பாத்து கேக்குது, எங்கம்மா நோவுதுன்னு. நீ பதில் சொல்ற, கழுத்துல தான் மேடம்னு. கழுத்து யாருதுயா?"

அவர் வாயைத் திறந்தார். திறந்ததும் அதுவும் மைக்கில் விழுமே என்று மூடிக்கொண்டார்.

"யாருதுன்றேன்?"

கரகரப்புக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. பாட்டுக் குரல் இல்லை அது. பழைய குரலும் இல்லை. மரத்தை இழைக்கிற மாதிரி, சொல்லுக்குச் சொல் சிராய் எழும்பி வந்தது. பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஏறியது, மஞ்சளைத் தொட்டது. ஜமக்காளம் அடித்த ஜன்னல் அடியில் வெக்கை நின்றது. அவள் நெற்றியில் வியர்வை இறங்கி, கழுத்தில் இன்னும் சிவப்பு மாறாத தழும்பின் மேல் வழிந்தது. துடைக்கவில்லை. துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டாள். நாற்பத்து நாலு வருஷத்தில் எந்த நாள், எந்த ஊர், யார் முன்னால் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒன்றையும் மறந்திருக்கவில்லை. சிலதை அவர் மறந்திருந்தார், சொல்லச் சொல்ல வந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் மெஷின் தாங்குவதற்கு மேல் போகிறது, உடைகிறது, இறக்கு என்று அர்த்தம். நாற்பத்தைந்து வருஷமாக அதைப் பார்த்ததும் இறக்கியவர். அவர் கை எழுந்தது, குமிழுக்குப் போனது, விரல் அதன் தலையில் பட்டது.

சகுந்தலா பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தாள்.

கை குமிழை விட்டு ஒரு அங்குலம் மேலே வந்து அப்படியே நின்றது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றது. அதன் கீழே சிவப்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, பிறகு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.